வாசகர் கேள்வி-பதில்: லிப்ஸ்டிக்கில் கோதுமை இருக்கிறதா?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை மருத்துவர் சொல்லித் தவிர்ப்பவர்கள், சாப்பாட்டுத் தட்டோடு நில்லாமல் ஒப்பனைப் பெட்டியையும் இப்போது ஐயத்தோடு பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பல இதைப் பற்றியே இருந்ததால், பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்குச் சீலியாக் நோய் இருப்பது எட்டு மாதங்களுக்கு முன் உறுதியானது. உணவில் குளூட்டனை அறவே விட்டுவிட்டேன். இப்போது தோழி ஒருத்தி, 'முகத்தில் பூசுகிற எல்லாவற்றிலும் கோதுமை இருக்கும். தோல் வழியாக உள்ளே போய்விடும். அத்தனையையும் தூக்கி எறி' என்கிறாள். ஆசை ஆசையாகச் சேர்த்த ஃபவுண்டேஷன், ஐ ஷேடோ, லிப்ஸ்டிக் எல்லாவற்றையும் எறிய வேண்டியதுதானா?

பதில்: எறிய வேண்டாம், சகோதரி. உங்கள் தோழி அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார்; ஆனால் அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரியில்லை. சீலியாக் நோயில், குளூட்டன் சிறுகுடலைச் சென்றடைந்த பிறகுதான் உடலின் எதிர்ப்பாற்றல் அதைப் பகையென்று எண்ணிக்கொண்டு, சத்தை ஈர்த்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகளையே தாக்கத் தொடங்குகிறது. ஆகவே அந்தப் புரதம் வாய்வழியே உள்ளே போனால்தான் கேடு. காயமில்லாத தோலை ஊடுருவிச் செல்லக்கூடிய பொருள்களின் மூலக்கூற்று எடை பொதுவாக 500 டால்டனுக்குள் (டால்டன் என்பது மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு) இருக்கும் என்பது தோல் மருந்தியலில் கையாளப்படும் கணக்கு. குளூட்டனின் பகுதியாகிய கிளையடினோ ஏறத்தாழ 30,000 டால்டனும் அதற்கு மேலும் எடையுள்ளது. ஊசித் துளையில் வடக்கயிற்றை நுழைப்பது போன்ற காரியம் அது.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதும் புரியாமல் இல்லை. சீலியாக் உள்ளவர்களில் சிலருக்கு முழங்கை, முழங்கால், புட்டம் ஆகிய இடங்களில் பொறுக்க முடியாத அரிப்புடன் சிறு கொப்புளங்கள் கிளம்பும். லூயி டூரிங் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1884இல் விவரித்த அந்த நோய்க்கு டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்று பெயர். தோலில் தெரிவதால், தோலில் பூசியதுதான் காரணம் என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது சாப்பிட்ட குளூட்டனால் வருவது.

ஆகவே உங்கள் பெட்டியிலுள்ள ஒவ்வொரு பொருளையும் எடுத்து, 'இது வாய்க்குள் போகுமா?' என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். ஐ ஷேடோ, மஸ்காரா, புருவ மை, ஃபவுண்டேஷன், நகச்சாயம் ஆகியவை போகாது. அவற்றைக் கவலையின்றி வைத்துக்கொள்ளலாம். நகம் கடிக்கும் பழக்கம் இருந்தால் நகச்சாயத்தை மட்டும் இன்னொரு முறை யோசியுங்கள். உதட்டில் இடுபவை அனைத்தும் போகும். கையில் பூசும் கிரீம், அந்தக் கையாலேயே சாப்பிட்டால் போகும். கை கழுவிவிட்டுச் சாப்பிட்டால் போகாது. முகத்தருகே பறக்கும் தூள் பவுடரும் தலைமுடி ஸ்பிரேயும் மூச்சோடு தொண்டையில் படிந்து கொஞ்சம் விழுங்கப்படலாம் என்பதால், அவற்றையும் உதட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது நல்லது. பற்பசையும் வாய் கொப்பளிக்கும் திரவமும் அழகுசாதனமாக நமக்குத் தோன்றாவிட்டாலும், இந்தப் பட்டியலில் அவற்றுக்கே முதலிடம்.

இனி அளவைப் பார்ப்போம். ஒரு லிப்ஸ்டிக்கின் எடை சுமார் 3.5 கிராம். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு கோதுமைப் புரதம் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், மொத்தம் 35 மில்லிகிராம். நான்கு மாதங்களில் அதைத் தீர்த்து, துளியும் துடைக்காமல் முழுவதையும் விழுங்கிவிட்டீர்கள் என்று கொண்டாலும், ஒரு நாளைக்கு 0.3 மில்லிகிராம்தான் சேரும். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைவான குளூட்டனால் குடலில் கேடு நேர்வதாகத் தெரியவில்லை. தொடர்ந்து 50 மில்லிகிராம் சேரும்போது குடலுறிஞ்சிகள் பழுதடைவது ஆய்வில் காணப்பட்டிருக்கிறது. எனவே லிப்ஸ்டிக் தனியாக நின்று உங்களைப் படுக்கையில் தள்ளிவிடாது. லிப் பாமின் கணக்கு வேறு. ஒரு நாளைக்குப் பத்துமுறை தடவி, 4 கிராம் குச்சியை இரண்டே வாரங்களில் தீர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதே ஒரு பங்கு புரதம் அதில் இருந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் ஆகிவிடும். உணவில் தெரியாமல் கலக்கும் துணுக்குகளோடு இதுவும் சேர்கிறது. எல்லோரும் லிப்ஸ்டிக்கையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் விசாரிக்க வேண்டியது லிப் பாமைத்தான்.

கேள்வி: எனக்கு மிகவும் பிடித்த லிப் பாமின் அட்டையில் கோதுமை என்ற சொல்லே இல்லை. ஆனால் 'டோகோபெரால்' என்றும், வாயில் நுழையாத பல லத்தீன் பெயர்களும் இருக்கின்றன. எந்தப் பெயரைக் கண்டால் ஒதுங்க வேண்டும்?

பதில்: அழகுசாதன அட்டைகளில் தாவரங்களின் பெயர் பெரும்பாலும் லத்தீனிலேயே அச்சாகும். அதனால் நான்கே நான்கு சொற்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். 'டிரிட்டிகம்' என்று தொடங்குவது கோதுமை, 'ஹோர்டியம்' பார்லி, 'சீகேல்' ரை, 'அவீனா' ஓட்ஸ். இவை தவிர, ஆங்கிலத்தில் 'வீட்' என்ற சொல் நீண்ட வேதியியல் பெயர்களின் வாலில் ஒளிந்திருக்கும். 'ஹைட்ரோலைஸ்டு வீட் புரோட்டீன்', அதாவது துண்டுகளாக உடைக்கப்பட்ட கோதுமைப் புரதம், அவற்றில் மிகவும் பரவலானது. 'மால்ட் எக்ஸ்ட்ராக்ட்' என்றால் அது பெரும்பாலும் பார்லியிலிருந்து வந்தது. 'ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால், எந்தத் தாவரம் என்று தயாரிப்பாளரிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஓட்ஸில் கோதுமையின் குளூட்டன் கிடையாது. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடும் பார்லியோடும் அது எளிதில் கலந்துவிடும். சிறுபான்மையோருக்கு ஓட்ஸின் சொந்தப் புரதமே ஒத்துக்கொள்வதில்லை. உடலில் பூசும் ஓட்ஸ் லோஷனால் சீலியாக் உள்ளவருக்குக் கெடுதல் இல்லை. உதட்டுக்கு மட்டும் வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள்.

டோகோபெரால் என்பது வைட்டமின் இ. கோதுமை முளை எண்ணெயிலிருந்தும் அதை எடுக்க முடியும் என்பதால் பலர் மிரளுகிறார்கள். ஆனால் இன்று பெரும்பாலும் அது சோயா போன்ற எண்ணெய்களிலிருந்தே பிரிக்கப்படுகிறது, அல்லது ஆய்வகத்தில் தயாரிக்கப்படுகிறது. கோதுமையிலிருந்தே வந்திருந்தாலும், புரதம் எண்ணெயில் கரையாது. சுத்திகரிப்பில் அதன் பெரும்பகுதி நீங்கிவிடும். லிப்ஸ்டிக், லிப் பாம் ஆகியவை மெழுகும் எண்ணெயும் சேர்ந்த கலவைகள் என்பதால், அவற்றில் கோதுமைப் புரதத்துக்கு இயல்பாகவே அதிக வேலை இல்லை. நீர் சேர்ந்த ஷாம்பு, கண்டிஷனர், சீரம், மஸ்காரா ஆகியவற்றில்தான் அது மிகுதியாகக் காணப்படும்; முடியின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து பளபளப்பைக் கூட்டுவதற்காக அதைச் சேர்க்கிறார்கள். ஆகவே டோகோபெராலை மட்டும் காரணம் காட்டி, பிடித்த லிப் பாமைக் கைவிட வேண்டியதில்லை.

பெயர் ஒலியைக் கேட்டு ஏமாறுவதும் உண்டு. 'குளூட்டமேட்', 'குளூட்டமிக் அமிலம்', 'குளூட்டாதயோன்' ஆகியவற்றுக்கும் குளூட்டனுக்கும் பெயரில்தான் உறவு. முகம் கழுவும் திரவங்களில் வரும் சோடியம் கோகோயில் குளூட்டமேட்டைக் கண்டு அலறி, நல்ல பொருளைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். அரிசியைக் குறிக்கும் 'ஒரைசா சடைவா', மக்காச்சோளத்தைக் குறிக்கும் 'சீயா மேய்ஸ்' ஆகியவற்றாலும் அச்சமில்லை.

பட்டியலின் வரிசைக்கும் ஒரு பொருள் உண்டு. அதிக அளவுள்ளது முதலில் வரும்; நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவானவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். கோதுமை மூன்றாவது இடத்தில் இருப்பதும் முப்பதாவது இடத்தில் இருப்பதும் ஒன்றல்ல. எழுத்தின் அளவைப் பற்றி மட்டும் எனக்கு ஆறாத கோபம் உண்டு: என் பையிலிருக்கும் லிப் பாமின் அட்டையைப் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்பட்டது.

கேள்வி: சீலியாக் இருப்பது என் மனைவிக்கு. லிப் பாம் பூசுவது நான். இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

பதில்: கூச்சம் வேண்டாம், தம்பி. ஒருவர் உதட்டிலிருந்து இன்னொருவர் உதட்டுக்குப் போகும் அளவு மிகச் சொற்பம். ஆனாலும் கோதுமை இல்லாத லிப் பாமை நீங்களும் வாங்கிக்கொள்வதில் நட்டம் ஒன்றுமில்லை. அவர் அதைக் கேட்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எனக்குச் சீலியாக் இல்லையென்று பரிசோதனையில் வந்துவிட்டது. ஆனால் கோதுமைப் புரதம் சேர்ந்த முகக் கிரீமைப் பூசியதும் முகம் சிவந்து அரிக்கிறது. தோல் வழியாக ஒன்றும் ஆகாது என்று மருத்துவக் கட்டுரைகளில் படிக்கிறேனே, பிறகு எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: இந்தக் கடிதங்களிலேயே மிக முக்கியமான கேள்வி உங்களுடையது, அம்மா. தோல் வழியாக ஒன்றும் ஆகாது என்பது சீலியாக் நோய்க்கு மட்டும் பொருந்தும் பேச்சு. கோதுமை ஒவ்வாமை என்பது முற்றிலும் வேறு. அதில் தோலே களமாகிவிடும். தோல் வழியாகவே உடல் கோதுமையைப் பகைக்கக் கற்றுக்கொள்ளவும் கூடும்.

ஜப்பானில் நடந்தது இதற்குச் சான்று. அங்கே ஒரு முகச்சோப்பில் ஹைட்ரோலைஸ்டு கோதுமைப் புரதம் சேர்க்கப்பட்டிருந்தது. நாள்தோறும் அதனால் முகம் கழுவியவர்களில் பலருக்கு, அதுவரை தொல்லையின்றி உண்டுவந்த கோதுமை உணவே எதிரியாகிவிட்டது. இமைகள் வீங்கின, உடலெங்கும் தடிப்புகள் கிளம்பின, கோதுமை சாப்பிட்டுவிட்டு உடலை வருத்தி வேலை செய்தபோது சிலர் உயிருக்கு ஆபத்தான அதிர்ச்சி நிலைக்கே போனார்கள். 2011இல் சோப்பு திரும்பப் பெறப்பட்டது. பாதிக்கப்பட்டதாக உறுதி செய்யப்பட்டவர்கள் 2,000க்கும் மேற்பட்டோர். சோப்பிலுள்ள நுரைக்கும் பொருள் தோலின் காப்புப் படலத்தைத் தளர்த்தியதும், கண், மூக்கு ஆகியவற்றின் மெல்லிய சவ்வுகளில் புரதம் நாள்தோறும் பட்டதும், அந்தப் புரதம் பெரிய துண்டுகளாக இருந்ததும் சேர்ந்தே இந்த விளைவை உண்டாக்கின. ஐரோப்பிய ஒன்றியம் பின்னர் 2017இல், அழகுசாதனங்களில் சேர்க்கும் கோதுமைப் புரதத் துண்டுகளின் சராசரி மூலக்கூற்று எடை 3,500 டால்டனைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. துண்டு சிறிதானால், ஒவ்வாமையைத் தூண்டும் ஆற்றலும் குறையும் என்பதே அதன் அடிப்படை.

ஆகவே அந்தக் கிரீமை இன்றே நிறுத்திவிட்டு, ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். பூசிய சில நிமிடங்களில் தடிப்பு வருகிறதா, ஒரு நாள் கழித்து அரிப்பும் செதிலும் வருகின்றனவா என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு போங்கள். நோயறிவதற்கு அந்தக் குறிப்பு பெரிதும் உதவும். உடனே வருவதற்குத் தோலில் ஊசிமுனையால் குத்திப் பார்க்கும் சோதனையும் ரத்தச் சோதனையும் உண்டு. தாமதமாக வருவதற்குப் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள்: ஐயத்துக்குரிய பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மேலும் ஓரிரு நாள்களில் மறுபடியும் பார்ப்பார்கள். கோதுமைதான் காரணம் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே கிரீமில் நறுமணப் பொருளோ, கிரீம் கெடாமல் காக்கும் பொருளோ, கம்பளிக் கொழுப்பான லனோலினோ இருக்கலாம். உதடு வெடித்து அரிப்பவர்களில் சிலருக்குத் தேனீப் பிசினான புரோபோலிஸும், சிலருக்கு ஆமணக்கு எண்ணெயும் காரணமாக இருப்பதுண்டு. குளூட்டன் இல்லாத கிரீமுக்கு மாறியும் அரிப்பு நிற்கவில்லை என்று எழுதுபவர்கள் பலர் இந்த வகையைச் சேர்ந்தவர்களே.

கேள்வி: 'குளூட்டன் ஃப்ரீ' என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? 'இயற்கையானது', 'வீகன்' என்பவையும் அதே பொருளில் எடுத்துக்கொள்ளத் தக்கவையா?

பதில்: உணவுப் பொருள்களில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போடுவதற்குப் பல நாடுகளில் சட்டம் இருக்கிறது, பன்னாட்டு உணவுத் தர விதிகளும் அமெரிக்க, ஐரோப்பிய விதிகளும் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்திருக்கின்றன. அந்தச் சட்டங்கள் உணவுக்கு உரியவை; லிப்ஸ்டிக்கை அவை கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே ஒப்பனைப் பொருளில் அந்தச் சொற்களைக் காணும்போது, அது தயாரிப்பாளரின் வாக்குறுதி என்றே கொள்ள வேண்டும். நேர்மையானவர்கள் சோதித்துவிட்டுப் போடுகிறார்கள். சிலர் கோதுமையைச் சேர்க்கவில்லை என்ற நம்பிக்கையில் மட்டும் போடுகிறார்கள். தனி அமைப்பொன்றின் சான்று முத்திரையும் இருந்தால் நம்பிக்கை கூடும்.

'இயற்கையானது' என்பதால் குளூட்டன் இல்லை என்று ஆகாது; கோதுமையைவிட இயற்கையானது எது? தாவரச் சாறுகள் மிகுந்த பொருள்களில்தான் முளை எண்ணெயும் பார்லிச் சாறும் அதிகம் தலைகாட்டுகின்றன. விலங்குப் புரதத்தைத் தவிர்க்கும் வீகன் தயாரிப்புகளில், அதற்கு மாற்றாகக் கோதுமைப் புரதமே சேர்க்கப்படுவதும் உண்டு. ஒவ்வாமை தரும் வாய்ப்பு குறைவு என்ற பொருளில் அச்சிடும் 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதிகளிலேயே வரையறை இல்லை. அதை அலங்காரச் சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்கள், குளூட்டன் இல்லாத நல்ல நிறுவனங்களின் பட்டியலையும், உங்களுக்குப் பிடித்தவற்றையும் வெளியிட்டால் எங்களுக்கு வேலை மிச்சமாகுமே?

பதில்: வேலை மிச்சமாகும், ஆபத்து மிச்சமாகாது. ஒரே பெயரில் விற்கும் லிப்ஸ்டிக்கின் கலவை நாட்டுக்கு நாடு மாறலாம். ஒரே வரிசையில் ஒரு நிறத்தில் இல்லாதது இன்னொரு நிறத்தில் இருக்கலாம். சென்ற ஆண்டு இருந்த கலவை அறிவிப்பின்றி இவ்வாண்டு மாறியிருக்கலாம். நான் இன்று அச்சிடும் பட்டியலை நீங்கள் வெட்டி எடுத்து மூன்றாண்டுகள் கைப்பையில் வைத்திருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் பெயர்களைச் சொல்ல மாட்டேன். வாங்கும் ஒவ்வொரு முறையும் அட்டையைப் படியுங்கள்; பழகிய பொருளானாலும் படியுங்கள்.

தயாரிப்பாளருக்கு எழுதுவது பலன் தரும், ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். 'உங்கள் பொருளில் குளூட்டன் உண்டா?' என்று கேட்டால், 'எங்கள் பொருள்கள் தரமானவை' என்று பதில் வரும். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் ஆகியவற்றிலிருந்து பெறப்பட்ட பொருள் எதுவும் இதில் சேர்க்கப்படுகிறதா, முடிந்த தயாரிப்பைக் குளூட்டனுக்காகச் சோதிக்கிறீர்களா, எந்த வரம்புக்கு, எந்த முறையில் என்று தனித்தனியாகக் கேளுங்கள். முறையைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வழக்கமான 'சாண்ட்விச் எலைசா' சோதனை, புரதம் ஓரளவு முழுமையாக இருந்தால்தான் அதைப் பிடிக்கும். ஹைட்ரோலைஸ்டு புரதத்தின் சிறு துண்டுகள் அதன் கண்ணில் படாமல் தப்பிவிடும். அவற்றைப் பிடிக்க 'காம்பெட்டிட்டிவ் எலைசா' என்ற வேறு சோதனை தேவை. 'நாங்கள் குளூட்டனுக்குச் சோதிப்பதில்லை' என்ற பதில் வந்தால், குளூட்டன் இருக்கிறது என்று பொருளல்ல. உத்தரவாதம் தர முடியாது என்றே பொருள். கண் மைக்கு அந்தப் பதில் போதும். லிப் பாமுக்குப் போதாது.

எனக்குப் பிடித்தவை எவை என்று கேட்டதற்கு வகையை மட்டும் சொல்கிறேன். பட்டியல் குறுகியதாக இருக்கும் பொருள்களையே நான் விரும்புகிறேன்: தேன்மெழுகு, கார்னௌபா மெழுகு, ஒன்றிரண்டு எண்ணெய்கள், இரும்பு ஆக்சைடு நிறங்கள், மைக்கா என்று பத்துப் பன்னிரண்டு பெயர்களில் முடிந்துவிடும் லிப்ஸ்டிக்குகள் இருக்கின்றன. படிக்கவும் எளிது, ஒவ்வாமை வந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்கவும் எளிது.

கேள்வி: நான் ஒப்பனைக் கலைஞர். அடுத்த மாதம் ஒப்பனைக்கு வரவிருக்கும் பெண், தமக்குச் சீலியாக் நோய் இருப்பதாக முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். என் பெட்டியில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில், அது சீலியாக் மட்டுந்தானா, கோதுமை ஒவ்வாமையும் உண்டா என்று அவரிடம் கேளுங்கள். ஒவ்வாமை உண்டென்றால் முகத்தில் படும் எல்லாவற்றின் பட்டியலையும் நீங்கள் பார்க்க வேண்டும். புதிய பொருள் எதையும் அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பூசக் கூடாது. அவர் முன்பே அதே பொருளைத் தம் முழங்கையின் உட்பக்கத்தில் நாளுக்கு இருமுறை வீதம் ஒரு வாரம் பூசிப் பார்த்திருக்க வேண்டும். கோதுமையால் முன்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டவராக இருந்தால், அந்தச் சோதனையையும் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

சீலியாக் மட்டும் என்றால் உங்கள் வேலை எளிது. பல பேருக்குப் பயன்பட்ட உதட்டு நிறப் பலகையையும் தூரிகையையும் அவருக்குப் பயன்படுத்தாதீர்கள். முன்பு அதில் தோய்ந்த தூரிகைகள் எந்தெந்தப் பொருளைக் கொண்டுவந்து சேர்த்தன என்று உங்களாலும் சொல்ல முடியாது. அவர் வழக்கமாக இடும் லிப்ஸ்டிக்கையும் லிப் பாமையும் அவரையே கொண்டுவரச் சொல்லுங்கள். தூள் பவுடருக்குப் பதிலாக அழுத்திய பவுடரைப் பயன்படுத்துங்கள். தலைமுடி ஸ்பிரே அடிக்கும்போது அவரை வாயை மூடி மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இதையெல்லாம் செய்துவிட்டு, ஒப்பனைக்கு நடுவே அவருக்குத் தின்னக் கொடுக்கும் பிஸ்கட்டில் கோட்டைவிட்டுவிடாதீர்கள்.